இருட்டினால் அணைந்துபோன கேமரா

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு கண்காணிப்புக் கேமராவும், படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டியும் நானே மாட்டினேன். தொழுவத்துக் கேமரா மட்டும் இருட்டியதும் அணைந்து அணைந்து வந்தது. சாரலில் வீடியோ ஒயரின் பிஎன்சி முனை நனைந்திருக்கும் என்று மாற்றினேன், பலன் இல்லை. அப்புறம் ராத்திரியில் ஏணி போட்டு ஏறி மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்தேன். ஹாலில் அடாப்டர் பக்கம் 12 வோல்ட், கேமரா முனையில் 9.4! இருட்டில் படம் தெரிவதற்காகக் கேமராவிலேயே உள்ள இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது கரண்ட் கூடுதலாக இழுக்கிறது. 40 மீட்டர் மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. நல்லவேளை, தொழுவத்திலேயே பிளக் பாயிண்ட் இருந்தது. மழை படாத பெட்டிக்குள் தனியாக 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் வைத்தேன். வீடியோ ஒயர் மட்டும் டிவிஆருக்குப் போகிறது. இப்போது சினைப்பசு அசைபோடுவதுகூட விடிய விடியத் தெளிவாகத் தெரிகிறது.