ரிப்பன் பில்டிங்லேருந்து எழும்பூர் மியூசியம் வரைக்கும்: கைடு இல்லாம ஒரு காலை நடை

சென்னைல பழைய கட்டடம் பாக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னு சொல்றவங்களுக்காக இதை எழுதறேன். நான் அடிக்கடி நடக்கற ரூட் இது. மொத்தம் மூணு கிலோமீட்டர் சொச்சம்தான், நின்னு நின்னு பாத்தா ரெண்டரை மணி நேரம் ஆகும். இதுல வர்ற மூணு பெரிய கட்டடமும் 1908லேருந்து 1913க்குள்ள திறந்தது, அதனால ஒரே காலத்து மெட்ராஸ் எப்படி யோசிச்சு கட்டிச்சுன்னு ஒரே காலைல புரிஞ்சிடும்.

ஸ்டெப் 1: கிளம்பறதுக்கு முன்னாடி

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு ஆரம்பிங்க, டிராஃபிக் கம்மி, வெயிலும் சாய்வா விழும். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், மியூசியம் லீவு. தண்ணி பாட்டில், தொப்பி, நல்ல செருப்பு போதும். வீட்ல பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துக்கோங்க, ஏன்னா இந்த கட்டடங்கள்ல நல்ல வேலைப்பாடெல்லாம் நம்ம தலைக்கு மேலதான் இருக்கு. இல்லன்னா போன் கேமராவ ஜூம் பண்ணி பாத்துக்கலாம்.

ஸ்டெப் 2: ரிப்பன் மாளிகை

சென்ட்ரல் மெட்ரோல இறங்கி வெளில வந்தா வெள்ளையா நிக்கும். உடனே கிட்ட போயிடாதீங்க. முதல்ல தூரத்துல நின்னு முழுசா பாருங்க, அப்புறம் உச்சிலேருந்து கீழ வாங்க: டவர், கடிகாரம், மாடி தூண், கீழ் தாழ்வாரம். எந்த கட்டடத்துக்கும் இந்த வரிசைல பாக்க பழகிட்டா அப்புறம் கண்ணு தானா போகும்.

1909ல அடிக்கல் போட்டு 1913ல திறந்தாங்க. ‘ரிப்பன் எங்கள் அப்பன்’னு அந்தக்கால ஜனங்க கொண்டாடின அந்த வைஸ்ராய் பேருதான் இது, உள்ளாட்சின்னு ஒண்ணு இங்க வேர் பிடிச்சதுக்கு அவரு ஒரு காரணம், அதனால மாநகராட்சி ஆபீசுக்கு அவரு பேரு பொருத்தம்தான். டிசைன் பண்ணது ஹாரிஸ், ஆனா கல்லையும் செங்கல்லையும் ஒண்ணா சேத்து நிக்க வெச்ச காண்ட்ராக்டர் லோகநாத முதலியார். இந்த பேர ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்த நடைல இன்னும் ரெண்டு காண்ட்ராக்டர் பேரு வரும். மொத்த செலவு ஏழரை லட்சம், அதுல அஞ்சரை லட்சம் இவருக்கு கொடுத்தது.

சிமெண்ட் இல்லாத கட்டடம் இது, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். மேல் தளத்த தாங்கறது தேக்கு உத்தரம். நம்ம பாட்டி வீட்ல மச்சுக்கு குறுக்க மரச்சட்டம் ஓடும் இல்ல, அதே முறைதான் இங்க பெரிய அளவுல இருக்கு.

பக்கத்துல செவப்பா இருக்கறது விக்டோரியா பப்ளிக் ஹால், அது 1880கள்ல கட்டினது, கொஞ்சம் முந்தின காலம். வெள்ளையும் செவப்பும் ஒரே ஃபிரேம்ல வர்ற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, ஸ்டைல் வித்தியாசம் ஒரே படத்துல தெரியும். வெள்ளைல கிரீக், ரோமன் பாணி தூணு, செவப்புல செங்கல் வளைவு.

ஸ்டெப் 3: பெரியார் சாலைல மேற்க நடங்க

இந்த பகுதி பெருசா ஒண்ணும் இல்ல, சீக்கிரம் கடந்துடுங்க. வழில செயிண்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்னு ஒரு சர்ச் வரும், 1821ல கட்டினது, நம்ம பாக்கற மூணு கட்டடத்துக்கும் ரொம்ப முந்தினது, ஆனாலும் ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அங்க மண்ணு இளகினதுன்னு வரிசையா கிணறு இறக்கி அதுமேல அஸ்திவாரம் போட்டிருக்காங்க, அது இன்னிக்கும் ஆடாம நிக்குது.

ஸ்டெப் 4: எழும்பூர் ஸ்டேஷன்

காந்தி இர்வின் பாலம் ஏறி இறங்கினா ஸ்டேஷன் முகப்பு. எங்க ஊருக்கு போற ட்ரெயின் எல்லாம் இங்கேருந்துதான், சின்ன வயசுலேருந்து எத்தனையோ தடவ மூட்டையோட ஓடியிருக்கேன், ஒரு தடவ கூட தலைய தூக்கி பாத்ததில்ல. ஒரு நாள் வண்டி ரொம்ப லேட்டு, வெளில வந்து டீ குடிச்சிட்டு நிமிந்தப்பதான் அந்த குவிமாடம் கண்ணுல பட்டுச்சு. அன்னிலேருந்துதான் எனக்கு இந்த நடக்கற பழக்கமே.

1908 ஜூன்ல திறந்தது. டிசைன் ஹென்றி இர்வின், கட்டினது பெங்களூர் சாமிநாத பிள்ளை, செலவு 17 லட்சம். இதுக்கு இந்தோ சாரசெனிக்னு பேரு: உள்ள ஐரோப்பிய பிளான், வெளில முகலாய குவிமாடமும் நம்மூர் வேலைப்பாடும். இதுல மூணு விஷயம் தேடிப் பாருங்க. நடு குவிமாடத்தோட ஓரத்துல சின்ன சின்ன குட்டி கோபுரங்க. செவப்பு சுவத்துல வெள்ளை பட்டை வளைவ எப்படி எடுத்துக் காட்டுதுன்னு. அப்புறம் தூணோட தலைப்பகுதில செதுக்கின இலை. ஸ்டேஷன்ல வேலை நடந்து முன்னாடி தகரம் அடைச்சிருந்தா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் பாருங்க, மேல் பாதி அங்கேருந்துதான் நல்லா தெரியும்.

ஒரு காலத்துல கார் ப்ளாட்ஃபாரம் பக்கத்துக்கே போகும், ரெண்டு ப்ளாட்ஃபாரத்துக்கு நடுவுல அதுக்குன்னே ரோடு விட்டிருந்தாங்க. இலங்கைக்கு போறவங்க இங்கதான் போட் மெயில் ஏறி தனுஷ்கோடி போய் கப்பல் மாறுவாங்க.

ஸ்டெப் 5: பாந்தியன் ரோடு

இங்க டிபன் சாப்பிட்டுக்கோங்க, ஸ்டேஷன் எதிர்ல நெறைய ஹோட்டல் இருக்கு, மியூசியம் திறக்க எப்படியும் நேரம் ஆகும். அப்புறம் மியூசியம் இருக்கற பாந்தியன் ரோடு எங்கன்னு யார கேட்டாலும் வழி சொல்லுவாங்க. டிக்கெட் எடுத்து உள்ள போனதும் விக்டோரியா மெமோரியல் ஹால், அதாவது நேஷனல் ஆர்ட் கேலரி எங்கன்னு கேளுங்க. உள்ள விடறாங்களோ இல்லையோ, வெளியே பாக்கவே ஒரு அரை மணி நேரம் வேணும்.

இதுவும் இர்வின்தான், 1909ல திறந்தது. கட்டினது நம்பெருமாள் செட்டியார். ஹைகோர்ட்டையும் கட்டினவரு இவருதான், கணித மேதை ராமானுஜன் கடைசி நாள்ல தங்கினதும் சேத்துப்பட்டுல இவரோட வீட்லதான். அந்த வாசல் வளைவ பாத்தா ஃபதேபூர் சிக்ரி பெரிய வாசல் ஞாபகம் வரும், ஆனா கல்லு சத்தியவேடு பக்கத்துலேருந்து வந்த இளஞ்செவப்பு மணற்கல். அந்த கல்லுல செதுக்கினவங்க பேரு எந்த பலகைலயும் இல்ல. அதனால நான் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு பண்ணுவேன், நீங்களும் பண்ணுங்க: வாசலுக்கு பக்கத்துல போய், கைய வெக்காம, ஒரே ஒரு பூ மட்டும் எடுத்துட்டு அது இதழ் இதழா எப்படி வெட்டியிருக்குன்னு பாருங்க, அப்புறம் பக்கத்துல இருக்கற அதே பூவ பாருங்க. ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும், ஆனா ரெண்டும் ஒரே பூ இல்ல, உளி கொஞ்சம் ஆழமா போயிருக்கும், ஒரு இதழ் கொஞ்சம் சாஞ்சிருக்கும், அதுதான் அந்த கை.

திரும்ப வர்றதுக்கு எழும்பூர் மெட்ரோவே கிட்ட.