ஹோபோ நிக்கல் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோபோ நிக்கல், அதாவது கையால் செதுக்கி உருவம் மாற்றிய பழைய அமெரிக்க நாணயம், சேர்க்க ஆரம்பித்தவர்கள் படம் அனுப்பி "இது நல்ல துண்டா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள், அதுதான் வருத்தம். நான் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள். கீழே போடாதீர்கள், ஈரக்கையால் தொடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

இந்தப் பக்கமே வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை அடித்த ஐந்து சென்ட் நாணயம் பஃபலோ நிக்கல். ஜேம்ஸ் எர்ல் ஃபிரேசர் வடிவமைத்தது. ஒரு பக்கம் பூர்வகுடி மனிதரின் தலை, மறுபக்கம் காட்டெருமை. தலை நாணயத்தையே ஏறக்குறைய நிறைத்து நிற்பதால் செதுக்குபவருக்கு உலோகம் தாராளமாகக் கிடைக்கும். சரக்கு ரயிலில் தொற்றி ஊர் ஊராக வேலை தேடிப் போன ஹோபோக்கள் பேனாக்கத்தி, ஆணி என்று கையில் கிடைத்ததை வைத்து அந்தத் தலையைத் தொப்பி போட்ட தாடிக்காரராகவோ கோமாளியாகவோ மாற்றி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். இன்று அதே வேலையை நுண்ணோக்கிக்கு அடியில் செய்யும் கலைஞர்கள் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் ஸ்பெயினிலும் இருக்கிறார்கள்.

நாணயத்தில் உள்ள ஆண்டை, செதுக்கிய ஆண்டு என்று நம்புவது

இதைப் பற்றி நீளமாகவே சொல்லப்போகிறேன். இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான், புதியவர்களின் பணம் அதிகமாகப் போவதும் இதில்தான்.

1913 என்று போட்டிருக்கும் நாணயத்தைப் போன வாரம்கூடச் செதுக்கியிருக்கலாம். சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் விற்பவர் "1913, பழையது, தாத்தா பெட்டியில் இருந்தது" என்று சொன்னதும் அது மறந்துவிடுகிறது. ஆர்லாண்டோ நாணயக் கண்காட்சியில் ஒரு தம்பி ஆசையாக ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். பெர்ட் செதுக்கியது என்று சொல்லி இணையத்தில் யாரோ பல நூறு டாலருக்கு அவர் தலையில் கட்டியிருந்தார்கள். ஆதாரம் என்ன என்றால், கையெழுத்து. பெர்ட்ராம் வீகண்ட் இந்தக் கலையின் பெரிய பெயர், 1949-இல் இறந்தவர். நாணயத்தில் உள்ள லிபர்ட்டி (LIBERTY) என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் இரண்டு எழுத்தையும் கடைசி எழுத்தையும் அழித்து, மிஞ்சும் 'பெர்ட்' (BERT) என்பதையே கையெழுத்தாக விடுவார். சரி, மூன்று எழுத்தை அழிக்க எவ்வளவு நேரமாகும்? அவர்மேல் உள்ள மரியாதையில் அப்படிச் செய்பவர்களும் உண்டு, ஏமாற்றவே செய்பவர்களும் உண்டு. அந்த மூன்று எழுத்துக்காக யாரும் பணம் கொடுக்கக் கூடாது.

பக்கத்தில் ஒரு செதுக்குக் கலைஞர் இருந்தார். லூப்பை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியை, வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுழலும் மெஷின் வேலை" என்றார். தாடியின் கோடுகளைக் காட்டினார். கையால் தள்ளும் உளி விட்ட கோடு ஆங்கில 'வி' மாதிரி கூர்மையாக இறங்கும், சுவர் வழுவழுப்பாக இருக்கும். சுழலும் முனை விட்ட கோட்டின் அடி உருண்டிருக்கும், உள்ளே சின்னச் சின்ன அலைகள் ஓடும். அந்தத் தம்பியின் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. விற்றவர் அதற்குள் கணக்கையே மூடிவிட்டுப் போயிருந்தார்.

பழைய வேலையா என்று பார்க்க நான் முதலில் போவது நிறத்துக்கு. எண்பது, தொண்ணூறு ஆண்டு பழைய துண்டில் செதுக்கிய இடமும் செதுக்காத இடமும் ஒரே மாதிரி மங்கியிருக்கும். தாடி பளிச்சென்று இருந்து ஓரம் மட்டும் கறுத்திருந்தாலும் சந்தேகம், எல்லா இடமும் மை பூசியதுபோல ஒரே கறுப்பாக இருந்தாலும் சந்தேகம். அப்புறம் தேய்மானம். பையில் புழங்கிய துண்டு என்றால் செதுக்கிய மேடுகளும் தேய்ந்திருக்க வேண்டும். அப்புறம் நாணயத்தின் நிலை. அன்றைய ஹோபோவுக்குக் கிடைத்தது புழக்கத்தில் இருந்த நாணயம், பெரும்பாலும் புதுசு அல்லது கொஞ்சம் தேய்ந்தது. பஃபலோ நிக்கலில் ஆண்டு மேடான இடத்தில் இருப்பதால் சீக்கிரம் அழிந்துவிடும். அப்படி ஆண்டே தெரியாமல் தேய்ந்த நாணயம்தான் இன்றைக்கு மலிவு. அதன்மேல் செதுக்கியதைப் பழசு என்று யாராவது நீட்டினால் இரண்டு முறை யோசியுங்கள்.

பெர்ட்டிடம் கற்ற ஜார்ஜ் வாஷிங்டன் ஹியூஸ், 'போ' என்று அழைக்கப்பட்டவர், அவர் பேரில் வரும் துண்டுகளுக்கும் இதே சோதனைதான். பெரிய தொகை என்றால், 1992-இல் தொடங்கிய ஒரிஜினல் ஹோபோ நிக்கல் சொசைட்டியில் காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையா, அவரிடம் வாங்கவே வேண்டாம்.

அச்சில் அடித்ததைக் கைவேலை என்று வாங்குவது

ஒரே படம், ஒரே கீறல், நூறு இடத்தில் விற்பனைக்கு இருக்கும். ரஷ்யச் செதுக்குக் கலைஞர் ரோமன் பூட்டீன் வேலைக்குக்கூட இப்படி நகல்கள் சுற்றுகின்றன. அசல் பஃபலோ நிக்கல் நாணயத்தில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல் உலோகம். அது காந்தத்தில் ஒட்டாது. எடை 5 கிராம். செதுக்கியதில் பொதுவாகக் கொஞ்சம் குறையுமே தவிர அதிகமாகாது.

பாலிஷ் போடுவது

போடாதீர்கள்.

நல்ல நாணயத்தைச் செதுக்கக் கொடுப்பது

அனுப்பும் முன் ஆண்டையும், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறியையும் பாருங்கள். 1937-இல் டென்வரில் அடித்தபோது எருமையின் ஒரு கால் விடுபட்டுப்போன, அரிதான 'மூன்று கால் எருமை' நாணயத்தை யாராவது செதுக்கினால் நான் அழுதுவிடுவேன்.

சட்டத்துக்குப் பயப்படுவது

அமெரிக்கச் சட்டம் தண்டிப்பது ஏமாற்றும் நோக்கத்தில் நாணயத்தை மாற்றுவதைத்தான். கலைக்காகச் செதுக்குவது அதில் வராது.

கலைஞரின் நட்பைத் தள்ளுபடிச் சீட்டாக நினைப்பது

இரண்டு கடிதம் எழுதிப் பழகியதும் "நமக்குள்ள என்ன, குறைச்சுக் குடுங்க" என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காதின் மடலுக்கு ஒரு மாலைப்பொழுதைக் கொடுப்பவரிடம் பேசும் பேச்சா அது? விலை உங்களுக்கு எட்டவில்லை என்றால் எட்டவில்லை என்று சொல்லுங்கள், சின்ன வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த உளி, எப்படித் தீட்டுகிறார், முடியை ஏன் அந்தப் பக்கம் வளைத்தார் என்று கேளுங்கள். மணிக்கணக்காகச் சொல்வார்கள். போலியைப் பிடிக்கும் கண் எனக்கு வந்தது அந்தப் பேச்சுகளில்தான்.

இன்னொருவர் செய்த வடிவத்தின் படத்தை அனுப்பி "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்பதும் வேண்டாம். கருவைச் சொல்லுங்கள், முகத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். செதுக்கி முடியும்வரை வாரத்துக்கு ஒருமுறை "ஆச்சா?" என்று கேட்டு எழுதுவதும் வேண்டாம்.

எழுதி வைக்காமல் விடுவது

யார் செதுக்கியது, எந்த ஆண்டில், துண்டுக்கு எண் இருந்தால் எந்த எண். இன்றே எழுதுங்கள், துண்டோடு வையுங்கள்.

நட்பு விலைக்கு வாங்கி மறுவாரம் ஏலத்தில் விடுவது

இந்த வட்டம் ரொம்பச் சின்னது. ஒருவர் ஆசையாகக் குறைத்துக் கொடுத்த துண்டு ஏலப் பட்டியலில் வந்தால் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்த முறை உங்கள் கடிதத்துக்குப் பதில் வராது. பணத்தேவை யாருக்கும் வரலாம், விற்பதில் தப்பில்லை. விற்கும் முன் செதுக்கியவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: விற்கப் போகிறேன், உங்களுக்கு வேண்டுமா, அல்லது வேண்டியவர் யாராவது தெரியுமா என்று. பல நேரம் வாங்குபவரை அவரே காட்டிவிடுவார்.