இயற்கைக் கொல்லி உயிரணு எதைப் பார்க்கிறது? பாடத்தில் நேரும் பிழைகள்

ஒருவகை வெள்ளையணுவான இயற்கைக் கொல்லி உயிரணுவின் பெயரைக் கேட்டதுமே அது பகைவனின் அடையாளத்தைத் தேடித் திரிகிறது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பில் இருந்து அதைக் கொல்லவிடாமல் தடுக்கும் புரதங்களான தடுப்பு ஏற்பிகள் தேடுவதோ உடலின் சொந்த அடையாளமான முதல் வகுப்பு எம்.எச்.சி. மூலக்கூறுகளை. சுவீடனைச் சேர்ந்த கிளாஸ் கார்ரேயும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் இதற்குச் சான்று காட்டினர்: அம்மூலக்கூறுகளை இழந்த எலி லிம்போமா (நிணநீர்ப் புற்று) உயிரணுக்கள் அழிக்கப்பட்டன, இழக்காதவை வளர்ந்தன.

இக்கருத்தை இறுகப் பற்றிக்கொண்டவர்கள், அடையாளம் இல்லாத எந்த உயிரணுவும் கொல்லப்படும் என்ற அடுத்த பிழையில் விழுகிறார்கள். நம் சிவப்பணுக்களில் அம்மூலக்கூறுகள் பெயரளவுக்கே உள்ளன. ஆயினும் அவை ஏறத்தாழ 120 நாள் தடையின்றி உலவுகின்றன. தடை நீங்கினால் மட்டும் போதாது, தூண்டுதலும் வேண்டும். புற்றாக மாறும்போதோ வைரஸ் தொற்றும்போதோ உயிரணுவின் மேற்பரப்பில் பெருகும் எம்.ஐ.சி.ஏ. போன்ற புரதங்களை என்.கே.ஜி.2டி ஏற்பி பற்றுவது அத்தகைய தூண்டுதல்.

மனிதரின் கொல்லி உயிரணுக்களில் உள்ள கே.ஐ.ஆர். என்ற ஏற்பிக் குடும்பத்தின் பெயர்களைப் படிப்பதில்தான் குழப்பம் மிகுதி. கே.ஐ.ஆர்.2டி.எல்.1 என்பதில் ‘2டி’ வெளிப்புறத்தில் உள்ள இரண்டு களங்களையும் (மடிப்புப் பகுதிகளையும்), ‘எல்’ உட்புற வாலின் நீளத்தையும் குறிக்கும். நீண்ட வால் தடுக்கும், குட்டை வால் தூண்டும் என்ற விதி பெரும்பாலும் சரியே. தூண்டும் இயல்பும் கொண்ட 2டி.எல்.4 மட்டும் அதற்கு அடங்காது. மனிதரின் எம்.எச்.சி. மூலக்கூறுகளுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர்; அவற்றுள் ஒன்றான எச்.எல்.ஏ.-சியின் எல்லா வடிவங்களையும் ஒரு கே.ஐ.ஆர். ஒன்றுபோலப் பற்றும் என்று எண்ணுவதும் தவறு. எச்.எல்.ஏ.-சியின் 80ஆம் இடத்தில் லைசின் இருந்தால் 2டி.எல்.1 பற்றும், அஸ்பராஜின் இருந்தால் 2டி.எல்.3 பற்றும். இத்தனை பெரிய புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் இதை முடிவுசெய்வது எனக்கு இன்றும் வியப்பே.

கே.ஐ.ஆர். மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமிலும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமிலும் இருப்பதால் அவை தனித்தனியே மரபுவழி வருகின்றன. ஆகவே ஏற்பி இருந்தும் அதற்குரிய இணை மூலக்கூறு இல்லாதவர்கள் உண்டு. தடுப்பாரற்ற அந்த உயிரணுக்கள் வெறிகொண்டு தாக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் தன்னடையாளத்தைச் சந்தித்துப் பழகாத அவை, பழகியவற்றைவிட மந்தமாகவே எதிர்வினை புரிகின்றன.

எலியின் எல்.ஒய்.49 ஏற்பிகள் இதே பணியைச் செய்தாலும் லெக்டின் (சர்க்கரையைப் பற்றும் புரதம்) போன்ற வகையைச் சேர்ந்தவை என்பதால், அவற்றின் அமைப்பைக் கொண்டு மனித ஏற்பிகளின் அமைப்பை விளக்கக் கூடாது.

மேற்பரப்பில் எச்.எல்.ஏ.-ஈ என்ற மற்றோர் அடையாள மூலக்கூறு இருப்பதைக் கண்டதும் உயிரணு நலமாக உள்ளது என்று எழுதிவிடுவதும் உண்டு. மற்ற எச்.எல்.ஏ. புரதங்களின் முன்னொட்டுப் பெப்டைடுகளை (தொடக்கத் துண்டுகளை) ஏந்தி நிற்கும் அதை என்.கே.ஜி.2ஏ தடுப்பு ஏற்பி அறிந்துகொள்கிறது. சைட்டோமெகலோவைரஸோ தன் யூ.எல்.40 புரதத்திலிருந்து அதே வரிசை கொண்ட பெப்டைடைத் தந்து, மற்ற அடையாளங்களை அகற்றிய பின்னும் எச்.எல்.ஏ.-ஈயை மேற்பரப்பில் நிறுத்திவைக்கிறது.