ஒலிப்பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது செய்யக்கூடாதவை

ஆடியோ துண்டுகளைச் சேர்க்க எளிய மென்பொருள் எது என்று யாராவது கேட்டால், "உங்களிடம் இருப்பது என்ன வகை ஃபைல்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பலருக்குத் தெரிந்திருக்காது. முதல் தவறே அதுதான். ஃபைலைப் பார்க்காமல் மென்பொருளைத் தேடினால், கிடைத்ததையெல்லாம் நிறுவிப் பார்த்து அலுத்துப்போக வேண்டியிருக்கும்.

ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைப் பாருங்கள். கைபேசியில் பதிவுசெய்தது பெரும்பாலும் எம்4ஏ-வாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த குரல்செய்தி ஓபஸ் வகை. தனி ரெக்கார்டர்கள் எம்பி3 அல்லது வேவ் தரும். எல்லாத் துண்டுகளும் ஒரே கருவியில், ஒரே அமைப்பில் பதிவான எம்பி3 என்றால் வேலை சுலபம். எம்பி3 என்பது 'ஃபிரேம்' எனப்படும் சின்னச் சின்ன ஒலிச் சட்டங்களின் வரிசை. வழக்கமான பதிவில் ஒரு சட்டம் ஏறக்குறைய 26 மில்லிவிநாடி நீளம். விண்டோஸில் இயங்கும் எம்பி3டைரக்ட்கட் போன்ற சிறிய மென்பொருள், அந்தச் சட்டங்களை அப்படியே எடுத்து அடுத்தடுத்து வைத்துவிடும். ஒலியைப் பிரித்து மறுபடி சுருக்குவதில்லை என்பதால் தரம் துளியும் குறையாது. வகைகள் கலந்திருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளே நல்லது. 2000-இல் வெளிவந்தது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

மென்பொருளே வேண்டாம், ஃபைல்களை அப்படியே ஒட்டிவிடும் கணினியின் 'காப்பி' கட்டளை போதும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும். இரண்டை வெறுமனே ஒட்டினால் முதல் ஃபைலின் நீளம்தான் அங்கே நிற்கும். பல பிளேயர்கள் அதுவரை பாடிவிட்டு நின்றுவிடும். எம்பி3 முழுவதும் ஓடக்கூடும், ஆனால் நேரம் தவறாகக் காட்டும். நடுவில் தாவிக் கேட்கப் போனால் வேறெங்கோ கொண்டுபோய் விடும்.

ஆடாசிட்டிக்குப் புதியவர்கள் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நண்பர் ஒருவர் தன் பாட்டி பல நாள் உட்கார்ந்து சொன்ன கதைகளை 12 துண்டுகளாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து, எம்பி3 ஆக்கி, ஓடவிட்டால் பன்னிரண்டு பாட்டிகள் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாவம், பதிவே கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிட்டார். ஒன்றும் கெடவில்லை. ஆடாசிட்டி ஒவ்வொரு ஃபைலையும் தனி டிராக்காக (ஒலித்தடமாக), ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கும்; எல்லாமே பூஜ்யம் விநாடியில் தொடங்கும். அனைத்தையும் தேர்வுசெய்து, 'டிராக்ஸ்' மெனுவில் 'அலைன் டிராக்ஸ்', அதற்குள் 'அலைன் எண்ட் டு எண்ட்' கொடுத்தால், மேலிருந்து கீழ் இருக்கும் வரிசைப்படி ஒன்று முடிந்து மற்றொன்று வரும். ஆகவே வரிசையை முன்பே சரிபாருங்கள். ஃபைல்களுக்கு 1, 2, 10 என்று பெயரிட்டால் சில மென்பொருள்கள் 1-க்கு அடுத்து 10-ஐ எடுத்துக்கொள்ளும். 01, 02 என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

'சேவ்' கொடுத்தால் கிடைப்பது ஏயுபி3 என்ற வேலைக்கோப்பு மட்டுமே. அதை அடுத்தவருக்கு அனுப்பினால் ஆடாசிட்டி இல்லாமல் அவரால் திறக்க முடியாது. கேட்பதற்கான ஃபைல் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்'தான். விண்டோஸில் எம்4ஏ திறக்கவில்லை என்றாலும் மென்பொருளைத் தூக்கி எறிய வேண்டாம்; எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவினால் திறக்கும்.

இது தெரியாமல்தான் பலர் எம்4ஏ-வை முதலில் எம்பி3 ஆக்கி, அதைச் சேர்த்து, மீண்டும் எம்பி3 ஆக்குகிறார்கள். ஒவ்வொரு சுருக்கலிலும் ஒலியின் ஒரு பகுதி போய்விடும், போனது திரும்பாது. கடைசியில் பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடி ஒலிக்கு ஒதுக்கும் தரவின் அளவை, 320 கேபிபிஎஸ்ஸுக்கு ஏற்றினாலும் ஃபைல்தான் பெருக்கும், ஒலி தெளியாது. இடைக்கட்டத்தில் சுருக்கப்படாத வேவ் ஆக வைத்துக்கொண்டு, முடிவில் ஒரே முறை சுருக்குங்கள். சிடி தரத்து ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். வெறும் பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ (ஒற்றை ஒலித்தட) எம்பி3 போதும். ஒரு மணி நேரம் 30 மெகாபைட்டுக்குள் அடங்கும்.

ஒரு துண்டு உரக்கவும் அடுத்தது மெல்லவும் இருந்தால், சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றின் ஒலியளவையும் சமப்படுத்துங்கள். சேர்த்தபின் மொத்தமாக ஏற்றினால் அந்த வித்தியாசமும் கூடவே ஏறும். இணைப்பில் 'டிக்' என்ற சத்தம் வந்தால், அந்த இடத்தில் சில மில்லிவிநாடிகளுக்கு ஒலியைத் தணித்து ஏற்றினால் போய்விடும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுவதானால், முழு நிசப்தத்தை வைக்காதீர்கள். அறையின் மெல்லிய இரைச்சல் சட்டென்று அறுந்தால் காது அதைத்தான் கவனிக்கும். அதே பதிவில் யாரும் பேசாத ஒரு விநாடியை எடுத்து வையுங்கள். ரெக்கார்டர் தானாகவே பிரித்துவைத்த நீண்ட பதிவு என்றால் இடைவெளியே கூடாது.

இணையதளத்தில் ஏற்றிச் சேர்ப்பது வசதிதான். ஆனால் வீட்டுப் பேச்சு, நேர்காணல், மருத்துவ உரையாடல் போன்றவற்றை அங்கே ஏற்ற நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அதில் இருப்பது உங்கள் குரல் மட்டுமல்லவே. மென்பொருளையும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். மற்ற இடங்களில் 'டவுன்லோட்' என்று மின்னும் பொத்தான்களில் பாதி விளம்பரம்.

சேர்த்து முடித்த உடனே மூலத் துண்டுகளை அழித்துவிடாதீர்கள். 12 துண்டு என்றால் 11 இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஐந்து விநாடி கேட்டால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த நண்பர் அப்படிக் கேட்டபோதுதான் ஏழாம் கதையின் கடைசி வரி விட்டுப்போயிருந்தது தெரிந்தது. மூலம் கையில் இருந்ததால் பாட்டி சொன்ன அந்த வரி திரும்பக் கிடைத்தது.