பிடித்த பத்துப் படங்கள்: பட்டியல் போடுவது எப்படி, அதற்காக வாதாடுவது எப்படி

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் மாதம். மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்துப் படம் சொல்ல வேண்டும் என்று ஒரு விளையாட்டு. என் முறை வந்ததும் மூச்சு விடாமல் பத்துப் பெயர்களை ஒப்பித்தேன். பாதிக்கு மேல் வெளிநாட்டுப் படங்கள். எதிரே இருந்த மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூன்றாவதாக ஒரு படம் சொன்னாயே, அதில் உனக்கு எந்தக் காட்சி பிடிக்கும்?" என்றார். அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கோ ஒரு கட்டுரையில் பெயரைப் படித்ததோடு சரி. அசடு வழிந்துகொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

"எந்தக் காட்சி?" என்ற அந்தக் கேள்விதான் அன்றிலிருந்து எனக்கு உரைகல். இப்போது ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் கூடி அவரவர் பட்டியலோடு மோதிக்கொள்கிறோம். முதல் முறையாக இதைச் செய்யப் போகிறவர்களுக்காக எங்கள் முறையை எழுதுகிறேன். தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு மாலைப் பொழுதுகள், இரவு சண்டை போட்டாலும் காலையில் சிரித்துப் பேசக்கூடிய நண்பர்கள்.

படி 1: 'சிறந்த' என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிடுங்கள்

பிடித்த படம் வேறு, சிறந்த படம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பட்டியல் கௌரவமாக இருக்கும், ஆனால் அதில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

எது சிறந்தது என்பதில் நிபுணர்களுக்கே நிலையான முடிவு கிடையாது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை திரைப்பட விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. முதல் முறை வென்றது இத்தாலியின் 'பைசிக்கிள் தீவ்ஸ்'. அடுத்து 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் 'சிட்டிசன் கேன்' அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2012இல் அதை இறக்கியது ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. 1958இல் வந்த அந்தப் படம் 1962, 1972 வாக்கெடுப்புகளில் முதல் பத்துக்குள்கூட வரவில்லை. 2022இல் 1,639 பேர் வாக்களித்தார்கள். முதலிடம் ஷாந்தால் அக்கர்மான் 1975இல் எடுத்த 'ழான் தீல்மான்' படத்துக்குப் போனது. ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதை நிதானமாகக் காட்டும் படம் அது.

எந்தப் படமானாலும் அதே பிலிம், அதே நீளம். இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2005இல் 'டைம்' இதழின் விமர்சகர்கள் இருவர் தொகுத்த நூறு படங்களில் 'நாயகன்' இடம்பெற்றது. நமக்குப் பெருமைதான். அதற்காக அது உங்கள் பத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

படி 2: நினைவிலிருந்து மட்டும் எழுதுங்கள்

செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம். நாற்பது பெயர்களாவது எழுத வேண்டும். இணையத்தில் பட்டியலைப் பார்த்து எழுதினால் அடுத்தவர் நினைவுதான் உங்கள் நோட்டில் இருக்கும்.

கை நின்றுபோனால் இப்படித் தேடிப் பாருங்கள்: முதன்முதலில் தியேட்டரில் பார்த்த படம் எது? காய்ச்சலில் படுத்திருந்தபோது தொலைக்காட்சியில் ஓடியது எது? வீட்டில் எல்லோரும் சேர்ந்து வசனம் ஒப்பிக்கும் படம் எது? இப்போது பேசாமல் இருக்கும் ஒருவரோடு சேர்ந்து பார்த்தது எது?

படத்தின் பெயருக்குப் பக்கத்தில் எங்கே, யாரோடு பார்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை நான் மதுரைக்காரரான என் தாத்தாவிடம் கற்றேன். அவர் படத்தின் பெயரையே சொல்லமாட்டார். "தங்கத்தில் முதலில் பார்த்தது" என்பார். நாமாகப் 'பராசக்தி' என்று புரிந்துகொள்ள வேண்டும். 1952 தீபாவளிக்கு அந்தப் படத்தோடுதான் தங்கம் தியேட்டர் திறந்தது. படத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியம், அன்றைய கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் இருபது நிமிடம் பேசுவார்.

படி 3: களையெடுப்பு

நாற்பதைப் பத்தாக்க வேண்டும். ஒவ்வொரு பெயரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் எந்தக் காட்சி? இந்தப் பட்டியலை யாரிடமும் காட்டப் போவதில்லை என்றாலும் இது இருக்குமா? இரண்டாவது கேள்வியில் என் பட்டியலிலிருந்து ஒரே நாளில் ஏழு படங்கள் கழன்றன.

சந்தேகம் தீராத படங்களைத் திரும்பப் பாருங்கள். இது கொஞ்சம் வலிக்கும். பதினான்கு வயதில் எட்டு முறை பார்த்த ஒரு காதல் படத்தை முப்பத்தைந்தில் போட்டபோது அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணை நாயகன் தெருத் தெருவாகத் துரத்துகிறான். அதைத்தான் அன்று நான் காதல் என்று கைதட்டியிருக்கிறேன். பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை அடித்துவிட்டேன்.

எதிர்த்திசையிலும் நடக்கும். வெறும் சிரிப்புப் படம் என்று ஒதுக்கியிருந்த 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) இன்று என் பத்தில் இருக்கிறது. கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் காட்சியில், கிரேசி மோகனின் வசனம் ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அந்த வேகத்தை எழுதிப் பார்க்க முயன்றால்தான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஓர் இயக்குநருக்கு இரண்டு படத்துக்கு மேல் கூடாது. அது இல்லாத ஆண்டு ஒருவர் பத்தும் மணிரத்னம் படங்களாகவே கொண்டுவந்தார். வரிசை எண் போட வேண்டாம். 'சைட் அண்ட் சவுண்ட்' வாக்கெடுப்பிலும் ஒவ்வொருவரும் தரும் பத்துப் படங்களுக்கும் சம மதிப்புதான். நான்காவதா ஐந்தாவதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு படம் பார்த்துவிடலாம்.

படி 4: காரணம் எழுதுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பிறகு வாதத்தில் "பிடிக்கும் என்றால் பிடிக்கும்" என்று கத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி போதும். சில சொற்களுக்கு மட்டும் தடை: அருமை, காவியம், மனதைத் தொட்டது, செதுக்கியிருக்கிறார், வாழ்ந்திருக்கிறார். இந்த ஐந்தையும் எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதால் எந்தப் படத்துக்கும் பயன்படாது.

பாலு மகேந்திராவின் 'வீடு' பற்றி நான் முதலில் எழுதியது இது: "யதார்த்தமான காவியம். அர்ச்சனா வாழ்ந்திருக்கிறார். தேசிய விருது பெற்றவர்." தடைசெய்த சொற்கள் இரண்டு, செய்தித்தாள் தகவல் ஒன்று. நான் எங்கே இருக்கிறேன்?

மறுபடி பார்த்துவிட்டு எழுதியது: "கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். தாத்தாவாக நடிக்கும் சொக்கலிங்க பாகவதர் அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கும்போது, எங்கள் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று அப்பா ஈரச் சிமெண்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது. படத்தில் பாட்டே இல்லை; இளையராஜா தன் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் செய்திருந்த இசை பின்னணியில் வருகிறது. வயலின் ஏறும்போது வீடு கட்டி முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது."

இரண்டாவதில் ஒரு காட்சி இருக்கிறது, காதில் விழுந்த ஒன்று இருக்கிறது, எனக்கும் அதற்கும் உள்ள உறவு இருக்கிறது. இதை மறுக்க வருபவர் குறிப்பாக எதையாவது சொல்லித்தான் மறுக்க வேண்டும். "இசை முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, அது குறை" என்று ஒருவர் சொன்னார். நல்ல அடி. இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

உங்களுக்கும் படத்துக்கும் உள்ள உறவு பெரிய துயரமாக இருக்க வேண்டியதில்லை. எங்களில் ஒருவர் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துக்கு எழுதியது: "'நலந்தானா' பாட்டில் நாயகியின் கேள்வி நடனத்தில் வருகிறது, நாயகனின் பதில் நாதஸ்வரத்தில் போகிறது. சபையில் அத்தனை பேர் இருக்க, இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் அம்மாவும் அப்பாவும் கூட்டுக் குடும்பத்தில் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள்." அந்த நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது என்ற தகவலை அதன் பிறகு சேர்த்தால் ருசிக்கிறது. முதலிலேயே சொன்னால் வினாடி வினா ஆகிவிடும்.

படி 5: ஆள் சேர்ப்பது

ஆறு பேருக்கு மேல் வேண்டாம். வயதில் பத்து ஆண்டாவது மூத்தவர் ஒருவரும், உங்களைவிடச் சின்னவர் ஒருவரும் இருந்தால் நல்லது. பத்துப் படமும் பேச முடியாது, ஆளுக்கு மூன்று. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம், அதில் மூன்று நிமிடக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டலாம். சுண்டலும் டீயும் போதும், சாப்பாடு போட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

படி 6: வாதாடுவது

முதல் விதி, முதல் பத்து நிமிடத்துக்கு நடிகர் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னவர் அடுத்த சுற்று டீக்குக் காசு தர வேண்டும். எம்ஜிஆர், சிவாஜி காலத்திலிருந்து இன்று வரை நம் ஊரில் படச் சண்டைகள் நடிகர் சண்டைகளாகவே முடிந்திருக்கின்றன. பெயரை எடுத்துவிட்டால் வேறு வழியில்லாமல் படத்தைப் பேசுவார்கள்.

இரண்டாவது, வசூலைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் தோற்றது; தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வந்தபோது சென்னையில் நூறு நாள் கடந்து ஓடியது. ஓடியது, ஓடவில்லை என்பது அந்தந்த ஆண்டின் கதை.

மூன்றாவது, "உனக்குப் படம் புரியவில்லை" என்று சொல்லக் கூடாது. அதற்குப் பதில், "நீங்கள் எந்தக் காட்சியில் படத்தைவிட்டு விலகினீர்கள்?" என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது முறை நல்ல உரையாடல் இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வாதங்களில் நான் மறக்காதது 'உதிரிப்பூக்கள்' பற்றியது. மகேந்திரனின் 1979ஆம் ஆண்டுப் படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவியது. கடைசியில், எல்லோரையும் கொடுமைப்படுத்திய சுந்தரவடிவேலுவை ஊர் கூடி ஆற்றில் இறங்கிச் சாக வைக்கிறது. வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எடுத்த எடுப்பில், "இது கொலை. படம் அதை நியாயமாக்குகிறது. அதனால் இது என் பட்டியலில் வராது" என்றார். படத்தைக் கொண்டுவந்தவர் பள்ளி ஆசிரியர். அவர் பதறவில்லை. "இறங்குவதற்கு முன் அவன் என்ன சொல்கிறான்? இத்தனை நாள் நான் ஒருவன்தான் கெட்டவன், இன்று உங்களையும் என்னைப் போல மாற்றிவிட்டேன் என்கிறான். குற்றவாளிக் கூண்டில் ஊரையும் சேர்த்து நிறுத்தும் படத்தை எப்படி நியாயப்படுத்துகிறது என்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஒருவர் குறுக்கே புகுந்து, மூலக் கதையில் இப்படி இல்லை என்று ஆரம்பித்தார். அவரை உட்கார வைத்தோம். கதை வேறு, படம் வேறு.

அப்போது நாங்கள் வைத்திருக்கும் கடைசி விதியைப் பயன்படுத்தினோம். எதிர்ப்பவர் இரண்டு நிமிடம் அந்தப் படத்துக்காகப் பேச வேண்டும், ஆதரிப்பவர் எதிர்த்துப் பேச வேண்டும். அக்கா படத்துக்காக வாதாடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். "அவன் கணக்கும் ஊர்க் கணக்கும் சரியாகிவிட்டது. கரையில் நிற்கிறதே அவனுடைய இரண்டு பிள்ளைகள், அவர்கள் யார் கணக்கு?" என்றார். ஆசிரியருக்கு எதிர்த்துப் பேச எதுவும் வரவில்லை. டீ ஆறிப்போனது. அந்த ஆண்டு அக்காவின் பட்டியலில் அந்தப் படம் வரவில்லை, அடுத்த ஆண்டு வந்தது.

யார் வென்றார் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். ஒவ்வொருவரும் அடுத்தவர் பட்டியலிலிருந்து தாம் பார்க்காத ஒரு படத்தைக் குறித்துக்கொண்டு எழுந்தால் போதும்.

படி 7: தேதி போட்டு வையுங்கள்

நோட்டின் கடைசியில் தேதி எழுதுங்கள். அடுத்த ஆண்டு புதிய பக்கத்தில் தொடங்குங்கள், பழையதைத் திருத்தாதீர்கள். அடித்த பெயர்கள் படிக்கும்படி இருக்கட்டும்.

மொட்டை மாடியில் நான் பார்க்காமலே சொன்ன அந்த மூன்றாவது படத்தைப் போன ஆண்டுதான் பார்த்தேன். முடிந்ததும் அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், இரண்டு காட்சிகளைக் குறிப்பிட்டு. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "முதலில் சொன்ன காட்சி சரி. இரண்டாவது அந்தப் படத்தில் இல்லை. மறுபடி பார்."