கட்டிலுக்கு அடியில் ஒளிந்த சின்ன நாயைச் சாப்பிட வைப்பது எப்படி?

கடுகு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன், மறுநாள் மதியம் வரை வெளியே தலைகாட்டவில்லை. நாலு கிலோ எடை, வெள்ளை முடி. நம் ஊரில் எல்லாரும் பொமரேனியன் என்று கூப்பிடும் இந்தியன் ஸ்பிட்ஸ். யாரோ ஆசையாக வளர்த்துவிட்டுத் தெருவில் விட்டுப் போன நாய். அந்த ஒரு நாளில் என் மாமியார் பால் வைத்தார், முட்டை வைத்தார், பிஸ்கட் வைத்தார், கடைசியில் தயிர்சாதமும் பிசைந்து வைத்தார். எதையும் தொடவில்லை. "இதுக்குப் பசியே எடுக்காதா?" என்று கேட்டார்.

எடுக்கும். பயம் அடங்கிய பிறகுதான் எடுக்கும். புதிதாக நாய் எடுத்து வளர்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாப்பிடவில்லை என்றதும் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிறோம். மாற்ற வேண்டியது வேறு.

படி 1: கூட்டி வருவதற்கு முன்

காப்பகத்திலோ முன்பு வளர்த்தவரிடமோ மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எந்த அளவு. அதே உணவை ஒரு வாரத்துக்கு வாங்கி வையுங்கள். தடுப்பூசி அட்டையையும், கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் வாங்க மறக்காதீர்கள்.

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். சின்ன ஜாதி நாய்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருப்பது சகஜம். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் நல்லது.

படி 2: இடம்

மிக்ஸி, குக்கர், வாஷிங் மெஷின் சத்தம் எட்டாத ஒரு மூலை. முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் அறை முழுக்கத் தெரிய வேண்டும். தட்டும் தண்ணீரும் அங்கேயே இருக்கட்டும்.

இதில் நான் தவறவிட்டது தரை. எங்கள் வீட்டில் வழவழ டைல்ஸ். தலையைக் குனிந்தால் கடுகுக்கு முன்கால் வழுக்கும். போதாததற்கு, கழுத்தில் தொங்கிய உலோக வில்லை எவர்சில்வர் கிண்ணத்தில் பட்டு 'டங்'கென்று சத்தம் வரும். ஒவ்வொரு முறையும் ஓடிவிடுவான். பழைய கோணிச்சாக்கை விரித்துப் பீங்கான் தட்டை வைத்த அன்றுதான் முதல் வாய் சாப்பிட்டான். உணவு அதேதான்!

படி 3: முதல் மூன்று நாள்

சும்மா இருங்கள். சொல்வது எளிது, செய்வதுதான் கஷ்டம். பார்க்க வரும் சொந்தக்காரர்களை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். கட்டிலடியிலிருந்து இழுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளித் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அதன் கண்ணைப் பார்க்காமல் உங்கள் வேலையைப் பாருங்கள். மோந்து பார்க்க அதுவாக வரும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் ஒரே இடத்துக்குச் சிறுநீர் கழிக்கக் கூட்டிப் போங்கள்.

படி 4: தட்டு வைக்கும் முறை

வளர்ந்த நாய்க்கு காலை, மாலை என இரு வேளை. குட்டிக்கு மூன்று நான்கு வேளை. தினமும் அதே நேரம். உலர்தீனி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், வாசனை எழும். வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். இருபது நிமிடம் கழித்து, மிச்சம் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

படி 5: எவ்வளவு?

கருத்தடை செய்த, நாலு கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 கலோரி போதும். உலர்தீனி 100 கிராமில் பொதுவாக 350 முதல் 400 கலோரி இருக்கும். ஆக, நாள் முழுவதற்கும் சுமார் 80 கிராம். பையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், இவ்வளவுதானா என்று தோன்றும்.

இப்போது பிஸ்கட் கணக்கு. ஒரு மாரி பிஸ்கட் ஏறக்குறைய 25 கலோரி. காலை காபியோடு இரண்டு, மாலை இரண்டு என்று செல்லமாகக் கொடுத்தால் நாளின் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே முடிந்தது. பிறகு தட்டைத் தொடாமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது ஒரு பிஸ்கட்.

படி 6: உணவை மாற்றுவது

பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேருங்கள்; இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் கால் பங்காகக் கூட்டி, ஒரு வாரத்தில் முழுக்க மாற்றலாம். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்குதான்.

வீட்டுச் சமையல் என்றால் எலும்பில்லாத கோழி, சோறு, பூசணி அல்லது கேரட்டை உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம். நாள்தோறும் அதுவே என்றால் கால்சியம் குறையும், மருத்துவரைக் கேட்டுச் சேருங்கள். தயிர்சாதம் மட்டும் கொடுத்தால் புரதம் போதாது. சாம்பார் சாதம் கூடவே கூடாது: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லாத மிட்டாய், வெந்த கோழி எலும்பு எதுவும் வேண்டாம். நாலு கிலோ உடம்புக்குக் கொஞ்சமே அதிகம்.

படி 7: எப்போது மருத்துவரிடம்?

வளர்ந்த நாய் 24 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தொடாவிட்டால் கிளம்புங்கள். சின்னக் குட்டிக்கு அவ்வளவு பொறுமை கூடாது. வேளை தவறினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, துவண்டு தள்ளாடும், நடுங்கும். ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஈறு வெளுத்துக் காய்ச்சலும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஆர்வமாகத் தட்டுக்கு வந்து, ஒரு கவளம் எடுத்து, கீழே போட்டுவிட்டால் வாயைத் திறந்து பாருங்கள். சின்ன ஜாதி நாய்களுக்குப் பல்நோய் அதிகம். கடுகும் இரண்டாம் வாரம் அப்படித்தான் செய்தான். திமிர் என்று நினைத்தோம், ஆனால் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிய நாலாம் நாள் தட்டு காலி. மாமியாரின் பிஸ்கட் மட்டும் நிற்கவில்லை. ஒன்றை நாலாக உடைத்து, நாலு வேளையாகக் கொடுக்கிறார்.