ஆத்துல எத்தனை ஜிலேபி, எத்தனை நாட்டு மீன்? நீங்களே கணக்கெடுக்கற வழி

நம்ம டெல்டா பக்கம் யார்கிட்ட கேட்டாலும் "முன்ன மாதிரி ஆத்துல மீனே இல்ல தம்பி, எல்லாம் ஜிலேபிதான்"னு சொல்லுவாங்க, ஜிலேபின்னா வெளிநாட்டுலேருந்து வந்த திலேப்பியா மீன். சரிதான், ஆனா நூத்துக்கு எத்தனை ஜிலேபின்னு திருப்பிக் கேட்டா கணக்கு யார்கிட்டயும் இருக்காது. அந்த கணக்க ஒரு வீச்சு வலை, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு, இது நாலு வெச்சே எடுக்கலாம், காவிரிலேருந்து பிரியற குடமுருட்டி ஆத்துல ஒரு மதகுகிட்ட நாலு வருஷமா நான் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன்.

மொத வருஷம் பண்ணுனது சுத்த வேஸ்ட். ஒரு நாள் பக்கத்து வீட்டு மாமாவோட வலை, ஒரு நாள் ஊத்தாக் கூடை, இன்னொரு நாள் தூண்டில்னு கையில கிடைச்சத வெச்சு பிடிச்சுட்டு நோட்டுல "கெண்டை 23"ன்னு எழுதி வெச்சிருக்கேன். எந்த கெண்டை? ஜிலேபியும் கெண்டைதான், சேல் கெண்டையும் கெண்டைதான். எத்தனை தடவை வலை போட்டேன்னும் எழுதல.

அதனால மொதல்ல எழுத வேண்டியது எத்தனை மீன்னு இல்ல, எத்தனை வீச்சுன்னு. போன வருஷம் 10 வீச்சுல 15 ஜிலேபி, இந்த வருஷம் 20 வீச்சுல 20 ஜிலேபின்னு வெச்சுக்கங்க, பாத்தா கூடுன மாதிரி தெரியும், ஆனா வீச்சுக்கு 1.5 இருந்தது 1 ஆயிருக்கு, அதாவது குறைஞ்சிருக்கு. அதே வலை, அதே கண்ணளவு, முடிஞ்சா வீசறவரும் அதே ஆள், ஏன்னா பழகுனவர் வீசுனா வட்டமா விரியும், நான் வீசுனா துணி காயப்போட்ட மாதிரி விழும். பெரிய கண்ணு வலைல அயிரை நிக்காது, சேத்துல பொதைஞ்சு கெடக்கற ஆராலும் வீச்சுக்கு சரியா வராது, அதுக்கு ராத்திரி பறி, அதாவது மீன் சிக்கற கூடை, வெச்சு காலைல எடுங்க, அந்த கணக்க தனியா எழுதுங்க, வீச்சுக் கணக்கோட கலக்காதீங்க.

இடம் மூணு போதும்: மதகுக்கு கீழ இருக்க பள்ளம், மணல் மேல தண்ணி ஓடற இடம், கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டுன கரையோரம். ஒவ்வொரு தடவையும் அதே மூணு இடம்தான், நல்லா மீன் பட்டுச்சேன்னு நாலாவது இடத்துக்கு ஓடக்கூடாது.

எப்பன்னு கேட்டா, மேட்டூர் தண்ணி வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவாங்க, அத வெச்சே பிரிச்சுக்கலாம், திறந்து ஒரு மாசம் கழிச்சு, மழை ஓஞ்ச பிறகு, மூடி தண்ணி குட்டையா நிக்கும்போதுன்னு மூணு தடவை. குட்டைல எல்லா மீனும் ஒரே இடத்துல நெருக்கிக்கிட்டு கெடக்கும், வீச்சுக்கு அள்ளிக்கிட்டு வரும், அத வெச்சு மீன் பெருகிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, குட்டைக் கணக்க போன வருஷ குட்டைக் கணக்கோட மட்டும் ஒப்பிடுங்க.

இப்ப அடையாளம், தப்பு நடக்கறதே இங்கதான். கேரளாக்காரங்க கரிமீன்னு சொல்ற மீன் நம்ம மண்ணு மீன், அதோட குஞ்சையும் ஜிலேபிக் குஞ்சையும் பக்கத்துல வெச்சா யாருக்கும் குழம்பும். தட்டுல சாச்சுப் போட்டு அடிவயித்துக்கு பின்னாடி இருக்க துடுப்ப விரல் நுனியால மெல்ல விரிச்சு முள்ள எண்ணுங்க, ஜிலேபிக்கு 3, நம்ம மீனுக்கு 12 இல்லன்னா அதுக்கும் மேல. வால் துடுப்புல குறுக்க வரிவரியா கோடு இருந்தா அது நைல் திலேப்பியா, 1952ல இந்தியாவுக்கு கொண்டாந்த பழைய ஜிலேபிக்கு அந்த கோடு இருக்காது.

நோட்டுல கோடு கிழிச்சு மூணு பத்தியா பிரிங்க: காவிரி மீன், வேற இந்திய ஆத்து மீன், வெளிநாட்டு மீன். ரெண்டாவது எதுக்குன்னா கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கங்கைப் பக்கத்து மீனு, வளக்கறதுக்காக கொண்டாந்தது, நம்மாளுங்க பாதிப் பேரு நாட்டு மீன்னு சத்தியம் பண்ணுவாங்க. மூணாவதுல ஜிலேபியோட 2000லயே தடை பண்ணுன ஆப்பிரிக்க கெளுத்தி, மீன் தொட்டிலேருந்து யாரோ ஆத்துல விட்ட டேங்க் கிளீனர் எல்லாம் வரும். சந்தேகம்னா பக்கத்துல ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்துக்கங்க. மார்க்கெட்ல பாத்த மீன மட்டும் எழுதிடாதீங்க, அதுல நிறைய ஆந்திரா வளப்பு.

கைய நனைச்சுட்டு மீன தொடுங்க, நாட்டு மீன அளந்ததும் தண்ணில விட்டுடுங்க, ஜிலேபி குழம்புக்கு, ஆப்பிரிக்க கெளுத்திய மட்டும் திரும்ப ஆத்துல விட்டுடாதீங்க. அந்த இடத்துல மீன் பிடிக்க ஏலம் எடுத்தவர் இருந்தா மொதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா திருட்டு மீன் பிடிக்கறோம்னு சண்டைக்கு வருவாங்க.

வலைக்கார பெரியவங்ககிட்ட "முன்னாடி என்ன மீன் இருந்துச்சு"ன்னு கேட்டா எல்லாம் இருந்துச்சும்பாங்க, அதனால "கடைசியா எப்ப பாத்தீங்க, கஜா புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, 77 புயலுக்கு முன்னாடியா"ன்னு கேளுங்க, வருஷம் ஓரளவு பிடிபடும்.

ஒரு மீன் வரலைன்னா அந்த வரிய காலியா விடாதீங்க, 0ன்னு போடுங்க, காலியா விட்டா அன்னைக்கு கிடைக்கலையா எழுத மறந்துட்டோமான்னு பின்னாடி தெரியாது. என் நோட்டுல வாளைக்கு நேரா நாலு வருஷமா 0தான்.